ஒரே தடவையில்

"பரீட்சை என்னைக்கும்மா?" என்று வைரக்கண்ணு கேட்டார். ரொம்பப் பதமாகக் கேட்டார்.

பூந்தாழங்குடிக் கோயில் ஆபீஸ் வாசல். மாசி வெயில் சுள்ளென்று ஏறிக்கொண்டிருந்தது. கோயிலுக்குச் சொந்தமான ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, இனி யார் உழுவது என்று பேசக் கூடியிருந்தார்கள். அந்த ஆறு மாவில் செல்லதுரையும் அவனுக்கு முந்தி அவன் அப்பனும்தான் பாடுபட்டார்கள். குத்தகைச் சீட்டு மட்டும் வைரக்கண்ணு பேரில் இருந்தது. சீட்டு அவருக்கு, சேறு இவர்களுக்கு என்று இத்தனை காலம் ஓடிவிட்டது. இருபத்தாறு ஏக்கர் வரும் நாலு வேலி சொந்த நிலம், ஆளுங்கட்சியில் கிளைச் செயலாளர் பதவி, பஞ்சாயத்துத் தலைவராக மச்சினன் என்று இருக்கிற மனுசருக்கு ஆறு மா ஒரு பொருட்டா? ஆனாலும் விடமாட்டேன் என்று நின்றார்.

"டேய் செல்லதுர, யாரக் கேட்டுடா வயல்ல எறங்குன? வாயத் தொறந்து சொல்றா" என்று அதிகாரி முன்னால் கையை நீட்டினார்.

செல்லதுரை தலை குனிந்துகொண்டான். பக்கத்தில் நின்ற அவன் மகள் நீலாம்பாள், பன்னிரண்டாவது படிக்கிறவள், கோயில் காகிதங்களைப் படித்துச் சொல்லக் கூட வந்தவள், குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"எங்கப்பாவ வாங்க போங்கன்னு பேசுங்க."

கோயில் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வைரக்கண்ணு அந்தப் பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். அப்புறம்தான் கேட்டார், பரீட்சை என்றைக்கு என்று.

"தமிழு, இங்கிலீசு முடிஞ்சிருச்சுங்க. திங்கக்கெழம கணக்கு" என்றாள் நீலா.

"கணக்குத்தாம்மா முக்கியம். நல்லா எழுது."

அவள் அம்மா அம்சத்துக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. வீட்டுக்கு நடக்கும்போது புருசனிடம், "என்ன இருந்தாலும் பெரிய மனுசன்தான். புள்ள அப்புடிப் பேசியும் கோவிச்சுக்கலயே" என்றாள். பின்னாளில் யாரை மன்னித்தாலும், அந்த வார்த்தையைச் சொன்ன தன் வாயை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூணு பேரும் அந்த ஆறு மாவில் உளுந்து பிடுங்கப் போனார்கள். பனி ஈரம் காய்வதற்குள் பிடுங்கினால்தான் காய் வெடித்துச் சிதறாது. நீலா செடியைப் பிடுங்கி வேர்மண்ணை உதறிக்கொண்டே வந்தாள்.

"நீ சேரணுங்குற படிப்பு என்னாடி, ரெண்டு படிப்பாமே?" என்று அம்சம் கேட்டாள்.

"ஒரே பட்டம்தாம்மா. பாதி யாவாரம், பாதி கம்ப்யூட்டரு. சரக்க எங்க வாங்கணும், எப்ப விக்கணும், எத்தினி ஆளு வேணும்னு ஒரு பக்கம் சொல்லித் தருவாங்க. அதயே மிஷினுக்குப் புரியிற மாதிரி எழுதறது இன்னொரு பக்கம். தஞ்சாவூர்ல அஞ்சு வருஷம்."

"நெல்லு நிக்கயிலயே ஊடால உளுந்து தெளிக்கிறமே, அது மாதிரியா?"

நீலா சிரித்துவிட்டாள். "ஆமா. ஆனா ரெண்டும் வெளையணும். ஒண்ணு பொய்ச்சாலும் பட்டம் கெடயாது."

"சேத்துக்க என்னென்ன கேக்குறாங்க?"

"கணக்கு எடுத்துப் படிச்சிருக்கணும். அதுல நூத்துக்கு எழுபதுக்குக் கொறயக் கூடாது. இங்கிலீசுல அறுவது. எல்லாப் பாடமும் ஒரே தடவையில தேறியிருக்கணும். அப்பறம் நேர்ல கூப்புட்டுப் பேசிப் பாப்பாங்க."

"இதுல ஒனக்கு எது கஷ்டம்?"

"நேர்ல பேசறதுதான்."

"கோயில் ஆபீஸ்ல பேசுனியே, அதவிடவா?"

செல்லதுரை அந்தப் பக்கம் குனிந்தபடியே சிரித்தான். போன வருஷம் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு மழையில் மூணு பேரும் காவல் கிடந்தார்கள். சாக்கு வரவில்லை என்றார்கள், எடைபோட ஆள் இல்லை என்றார்கள். நெல் முளைவிட்டது. 'இதையெல்லாம் ஒழுங்கா ஓட்டுறதுக்கு ஒரு படிப்பு இருக்கும்மா' என்று அப்போதுதான் நீலா சொல்ல ஆரம்பித்தாள். அவளுடைய கணக்கு வாத்தியார் ஜெக்கரியா அதைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் அம்சம் சுடுசோறு வடித்து முட்டை பொரித்தாள். நீலா இரட்டைச் சடை போட்டு, ஸ்கேலையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கியபோது ஜீப் வந்து நின்றது. வாசலில் உளுந்துச் செடி காய்ந்துகொண்டிருந்தது. தன் வயலில் உளுந்து திருடியதாக வைரக்கண்ணு புகார் கொடுத்திருந்தார். செல்லதுரை, அம்சம், மூன்றாவதாக நீலாம்பாள்.

"ஏட்டையா, புள்ளைக்கு இன்னிக்குப் பரீட்சைங்க. எங்க ரெண்டு பேரயும் ஏத்திக்கிட்டுப் போங்க. அத விட்டுருங்க" என்று அம்சம் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"மூணு பேரு இருக்கு. மூணு பேரயும்தான் கொண்டாரச் சொல்லியிருக்கு. ஏறு."

ஸ்டேஷனில் நீலா பெஞ்சில் உட்காரவே இல்லை. சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே நின்றாள். "எழுதிட்டு நானே வந்து நிக்கிறேன் சார்" என்று இரண்டு தரம் சொன்னாள். மூன்றாம் தரம் சொல்லவில்லை. உள்ளே செல்லதுரையின் இடது மணிக்கட்டில் லத்தி விழுந்தது. பரீட்சை முடிந்து பிள்ளைகள் வெளியே வந்திருக்கும் நேரம் பார்த்து போன் மணி அடித்தது. ஏட்டு "சரிங்க, சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, "பெரியவரு மன்னிச்சுட்டாரு. கேசு இல்ல, கெளம்புங்க" என்றார்.

அந்த மத்தியானத்திலிருந்து அம்சத்துக்கு வைரக்கண்ணு 'அவர்' இல்லை. அவன்.

ஜெக்கரியா வாத்தியார் விடவில்லை. ஜூன் மாசம் மறுபடி நடந்த பரீட்சைக்கு நீலாவை உட்கார வைத்தார். இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்று வாங்கினாள். ஆடி மாசத்தில் தாயும் மகளும் தஞ்சாவூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். சேர்க்கை ஆபீஸில் ஹபீபுன்னிசா என்ற அம்மா இருந்தார். மதிப்பெண்ணைப் பார்த்து முகம் மலர்ந்தவர், அடுத்த தாளைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"கணக்கு மட்டும் ஜூன்ல எழுதியிருக்கியே, ஏம்மா?"

நீலா நடந்ததைச் சொன்னாள். அழாமல் சொன்னாள். அழுதிருந்தால்கூட அம்சத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒரே தடவையில தேறியிருக்கணும்னு விதி இருக்கும்மா. நான் மாத்த முடியாது. தன் தப்பு இல்லாம பரீட்சை எழுத முடியாமப் போனவங்களுக்கு விலக்கு குடுக்க ஒரு குழு உண்டு. ஐப்பசியில கூடும், அடுத்த வருஷ எடத்துக்கு. ஆனா ஸ்டேஷன்ல வெச்சிருந்தாங்கன்னா, தப்பு பண்ணாமத்தான் வெச்சிருந்தாங்கன்னு யார் சொல்றது? போலீசு சொல்லுமா?"

"சொல்லாதுங்க" என்றாள் அம்சம்.

"புகார் குடுத்தவரே வந்து சொன்னா கேப்பாங்க. அவர் வருவாரா?"

அம்சம் தாள்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்த நீலா, "ஜூன்ல எழுதுனதும் நான்தான், மார்ச்சுல எழுதியிருந்தாலும் நான்தான். அதே கணக்கு, அதே கை. பொறவு என்னாம்மா?" என்றாள். அம்மாபேட்டை தாண்டியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது அம்சம்தான்.

ஆவணியில் சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டார்கள். அவனுடைய நாலு வேலியையும் வருஷா வருஷம் நடுவது அம்சத்தின் கொத்து. கொத்து என்றால் சேர்ந்து நடவுக்குப் போகிற பெண்கள் கூட்டம். யார் வயலில் எப்போது இறங்குவது, எந்த மடையில் ஆரம்பிப்பது என்று பேசி முடிப்பது அம்சம். அவள் இறங்கினால்தான் மற்றவர்கள் இறங்குவார்கள். அதனால் புரட்டாசி பிறந்ததும் அவனுடைய ஆள் வந்து, "நாத்துப் பதமா இருக்கு, நாளைக்கி வந்துருங்க" என்றபோது, அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"வரல."

"ஏன், வேற யாருக்கும் ஒத்துக்கிட்டீங்களா?"

"யாருக்கும் ஒத்துக்கல. வரல."

சாயங்காலம் கொத்து முழுக்க அவள் வாசலில் கூடிவிட்டது. தங்கம்மாள் முன்னால் வந்து நின்றாள். அம்சத்தைவிட மூத்தவள், வாய்த்துடுக்குக்காரி.

"ஏ அம்சம், நாலு வேலி நடவுடி. அத விட்டா தீவாளிக்கு அடுப்பு எப்புடி எரியும்? ஒன் மவ படிப்புக்கு எங்க வவுத்த ஏன் கட்டுற?"

"படிப்புக்கு இல்லக்கா. படிப்பு போயிருச்சு. நாம நடாம இருந்தா அது திரும்பி வரப்போறதில்ல."

"பின்ன எதுக்கு?"

"பழிக்கு."

தங்கம்மாள் வாசல் ஓரம் போனாள். வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தாள்.

"அப்ப சரி. படிப்புன்னு சொல்லியிருந்தீன்னா வரமாட்டேன். ஊருக்கு ஒரு புள்ள படிச்சு என்னா ஆவப்போவுது. பழின்னா வாரேன். எம்புருசன் அவன் களத்துல நெல்லு தூத்தயில மாரப் புடிச்சிக்கிட்டு விழுந்தாரு. 'அந்தண்ட தூக்கிப் போடு, நெல்லுல எச்சி வடியிது'ன்னான். இன்னிக்கி வரைக்கும் என் காதுல கேக்குது. யாருகிட்ட சொல்ல? சொல்லு, என்னா செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம்க்கா. அதான் செய்யணும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ரோட்டோரத்து வயல் எல்லாம் ஒவ்வொன்றாகப் பச்சை பிடித்தது. நடுவில் அவனுடைய நாலு வேலி மட்டும் உழுது, பரம்படித்துச் சமப்படுத்தி, தண்ணீர் கட்டிக் கண்ணாடியாகக் கிடந்தது. கொக்குகள் இறங்கின. நாற்றங்காலில் நாற்று முழங்காலைத் தாண்டியது.

அவன் சும்மா இருக்கவில்லை. கொள்ளிடத்துப் பக்கமிருந்து ஒரு லாரி நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தான். லாரி வாய்க்கால் மதகில் திரும்பும் இடத்தில் தங்கம்மாள் நட்ட நடுச் சேற்றில் மல்லாந்து படுத்துவிட்டாள். புடவை முழுக்கச் சேறு. "ஏத்துடா வண்டிய! ஒரு கெழவி செத்தா ஒனக்கு என்னா!" என்று கத்தினாள். டிரைவர் இறங்கி வந்து கெஞ்சினான். மேலே இருந்த பெண்களில் ஒருத்தி, "என்னாக்கா சங்கதி?" என்று கேட்டாள். தங்கம்மாள் படுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள், வைரக்கண்ணுவின் பிறப்பு வளர்ப்பிலிருந்து தொடங்கி. வண்டி பின்பக்கமாகவே ரோடு வரைக்கும் போய்த் திரும்பியது.

அடுத்த வாரம் பஞ்சாயத்தில் நூறு நாள் வேலையை நிறுத்தினார்கள். அந்தத் தெருவுக்கு மட்டும் வேலை இல்லை என்றார்கள். மற்றவர்கள் வயலில் நடவும் முடிந்துவிட்டது. பெண்கள் வரப்பில் நண்டு பிடித்தார்கள். நத்தை பொறுக்கி வேகவைத்து, ஓட்டை உடைத்து, மிளகு அரைத்து ஊற்றினார்கள். பண்ணைக்கீரையைக் கடைந்து பிள்ளைகளுக்கு ஊட்டினார்கள். கீரை தின்று தின்று பிள்ளைகளுக்கு வயிறு போனது.

"விட்டுரு அம்சம்" என்றான் செல்லதுரை. மணிக்கட்டு சரியாகக் கூடாமல், கோணலாகவே நின்றுவிட்டது. "அடி வாங்குனது நானு. நானே மறந்துட்டேன்."

"நீ மறக்கல. பயந்துட்ட."

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அன்றைக்கு முழுக்கச் சாப்பிட வரவில்லை. அவள் கூப்பிடவும் இல்லை.

ஒரு நாள் விடியற்காலம் அம்சம் வயல்பக்கம் போனபோது, அவனுடைய நாற்றங்காலில் ஒரு ஆள் குனிந்திருப்பது தெரிந்தது. ஞானாம்பாள். கொத்தில் சின்னவள், கைப்பிள்ளைக்காரி. தனியாளாக நாற்றுப் பறித்து முடி கட்டி வைத்திருந்தாள். அம்சத்தைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"அக்கா, புள்ளைக்குப் பால் இல்லக்கா. நான் சாப்புட்டாத்தானே அதுக்கு வரும். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு..."

அம்சம் அவள் கையிலிருந்த நாற்றுமுடியைப் பிடுங்கி வாய்க்காலில் வீசினாள். கட்டி வைத்திருந்ததையும் ஒவ்வொன்றாக எடுத்து வீசினாள். ஞானாம்பாள் தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பார்வையை அம்சம் இதற்கு முன்னாலும் எங்கேயோ பார்த்திருக்கிறாள். ஸ்டேஷனில் ஏட்டையாவைத் தான் பார்த்த பார்வை அது. வீட்டுக்கு வந்து பானையில் இருந்த அரிசியை வழித்து ஞானாம்பாள் வீட்டில் கொட்டிவிட்டு வந்தாள். ஆனால் நடவுக்குப் போகலாம் என்று மட்டும் சொல்லவில்லை.

நாற்று முத்தி அடியில் கணு விட ஆரம்பித்த சமயம், அவனே வந்தான். அதுவரைக்கும் அந்தத் தெருவுக்குள் அவன் காலடி வைத்தது ஓட்டுக் கேட்கத்தான், வேறெதற்கும் இல்லை. நீலா ஒரு நாற்காலி எடுத்துப் போட்டாள்; அவன் உட்காரவில்லை.

"ஏம்மா அம்சம், நடந்தது நடந்துபோச்சு. ரோட்டுல போறவன் வாரவன்லாம் சிரிக்கிறான். எங்கப்பா காலத்துலேருந்து அந்த நெலம் ஒரு போகம் தரிசா கெடந்ததில்ல. இந்த மழ எறங்குறதுக்குள்ள நட்டாவணும். ஒன் மவளுக்கு எடந்தானே வேணும்? மந்திரிகிட்ட சொல்லி லெட்டரு வாங்கித் தாரேன். எந்தக் காலேஜ்னாலும் சரி."

"மந்திரி லெட்டரு வேணாங்க" என்றாள் அம்சம். "தஞ்சாவூர்ல ஐப்பசி பொறந்ததும் ஒரு குழு கூடுது. எங்ககூட வாங்க. பொய்ப் புகாரு குடுத்தேன், அந்தப் புள்ள ஒரு தப்பும் பண்ணலன்னு அவங்க முன்னாடி ஒங்க வாயால சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது. அதுவரைக்கும் அவள் மனசில் அப்படி ஒரு யோசனையே இருக்கவில்லை. நாற்று பாழாக வேண்டும், அவ்வளவுதான் இருந்தது. இப்போது அதைவிடப் பெரியது ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் நின்றது.

அவன் முகம் கறுத்தது. "என்னா பேசுற நீ? நான் அங்க வந்து கைகட்டி நிக்கணுமா?"

"கைகட்ட வேணாங்க. நின்னாப் போதும்."

"சரி, வாரேன்னே வெச்சுக்க. மொதல்ல நட்டுக் குடுங்க. ஐப்பசி வரைக்கும் நாத்து தாங்காது."

"பரீட்சை மூணு மணி நேரந்தாங்க. எழுதிட்டு வாரேன்னு புள்ள கெஞ்சுச்சு. மொதல்ல விட்டீங்களா?"

அவன் திரும்பிப் போனான். போகும்போது நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டுப் போனான். தங்கம்மாள் எதிர்வீட்டிலிருந்து, "வருவான் பாரு" என்றாள். மறுநாள் அவன் ஆள் வந்து, என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு போனான்.

தஞ்சாவூருக்கு அவன் காரில் வந்தான். அம்சமும் நீலாவும் ஜெக்கரியா வாத்தியாரும் பஸ்ஸில் போனார்கள். குழுவில் மூன்று பேர். ஹபீபுன்னிசாவும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். கரைவேட்டியும் மோதிரமுமாக அவன் உள்ளே நுழைந்ததும் தலைவர் எழுந்து, "உக்காருங்க, உக்காருங்க" என்றார்.

"நின்னுக்கிட்டே சொல்லட்டுங்க" என்றாள் அம்சம்.

தலைவருக்குப் புரியவில்லை. ஆனால் அவன் உட்காரவில்லை. தொண்டையைச் செருமினான். "இந்தப் பொண்ணு நல்ல பொண்ணுங்க. அன்னிக்கி ஒரு சின்னத் தகராறு. தவறுதலா இந்தப் பொண்ணு பேரும் புகார்ல சேந்துபோச்சு. அதனால பரீட்சை எழுத முடியாமப் போச்சு. கொஞ்சம் பாத்து..."

"தவறுதலா இல்லைங்க" என்றாள் நீலா.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் அவனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"என்னைக்குப் பரீட்சைன்னு கேட்டாரு. திங்கக்கெழமன்னு நான்தான் சொன்னேன். நல்லா எழுதுன்னு சொல்லிட்டுப் போயி புகாரு குடுத்தாரு. அதச் சேத்துச் சொன்னாத்தான் நடந்தது முழுசா வரும்."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். "பரீட்சை நாளுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மேலே மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. அவன் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். அம்சம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா? ஏன்?"

"எதுத்துப் பேசுனிச்சு."

"என்ன பேசினாங்க?"

அவனால் அதைச் சொல்ல முடியவில்லை. சொன்னால் எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அந்த நிமிஷம் அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. குழுவில் இருந்த இளம் வயதுக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலைவர் மட்டும் விடாமல் காத்துக்கொண்டிருந்தார். அந்தக் காத்திருப்பு நீண்டுகொண்டே போனது. அம்சத்துக்கு அது இன்னும் கொஞ்சம் நீளாதா என்று இருந்தது.

"நீங்க போகலாம்" என்றார் தலைவர் கடைசியில். யாரும் எழுந்திருக்கவில்லை.

விலக்கு கிடைத்தது. அடுத்த வருஷச் சேர்க்கையில் நீலாவின் ஜூன் மதிப்பெண்ணை முதல் தடவையாகவே எடுத்துக்கொள்வார்கள், நேர்முகத்தில் தேறிவிட்டால் இடம் உண்டு என்று ஹபீபுன்னிசா வெளியே வந்து சொன்னார். ஜெக்கரியா வாத்தியார் குழந்தை மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கார் பக்கத்தில் நின்ற அவன், "நாளைக்கி எறங்கிருவீங்கல்ல?" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"சொன்னா சொன்னதுதாங்க" என்றாள் அம்சம்.

மறுநாள் கொத்து இறங்கியது. இரவெல்லாம் மழை பெய்து, காலையிலும் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. நாற்று இடுப்பளவு வளர்ந்து, கட்டினால் முடியில் நிற்காமல் சாய்ந்தது. நுனியைக் கிள்ளிக் கிள்ளி நட்டார்கள். பெண்கள் சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு, விரலால் சேற்றைத் துளைத்து, நெருக்கி நெருக்கி ஊன்றினார்கள். ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் எவ்வளவு நன்றாக நட்டாலும் கணு விட்ட நாற்று தூர் கட்டிக் கிளைக்காது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். வரப்பில் குடை பிடித்து நின்றவனுக்கும் தெரியும். யாரும் அதைப் பேசவில்லை. குலவை போடச் சொல்லி ஞானாம்பாள் கண்ணைக் காட்டினாள். தங்கம்மாள் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

மாசியில் அந்த வயல் பாதிக்கு மேல் பதராக நின்றது. அறுப்பு மிஷினுக்குக் கட்டுப்படியாகாது என்று மூணு வேலியில் மாட்டைக் கட்டி மேயவிட்டான். ரோட்டில் போன அம்சம் நின்று அதைப் பார்த்தாள். மாடுகள் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தன.

"வவுறு நெறஞ்சுச்சாடி?" என்று தங்கம்மாள் கேட்டாள்.

"இல்லக்கா."

"எனக்கு நெறஞ்சுச்சு" என்றாள் தங்கம்மாள். "ஒனக்கு ஏன் நெறயல?"

அம்சம் நடையைக் கட்டினாள். ஞானாம்பாள் இப்போதெல்லாம் அவளோடு நேராகப் பேசுவதில்லை.

அவனும் சும்மா விடவில்லை. ஆறு மா நிலத்தின் குத்தகைச் சீட்டைத் தன் பேரிலிருந்து கட்சிக்காரன் ஒருவன் பேருக்கு மாற்றிவிட்டான். செல்லதுரை ஏரைக் கழற்றி, வெளியூர்க்காரன் ஒருவனுக்கு விலைக்குக் கொடுத்தான். "போவட்டும், கை வேற இப்புடி ஆயிப்போச்சு" என்றான். வைகாசியில் நேர்முகம் நடந்தது. யாருக்கும் பயப்படாமல் பேசுகிறாளே என்று அவர்கள் கேட்டதாகவும், பழகிருச்சுங்க என்று தான் சொன்னதாகவும் நீலா வந்து சொன்னாள். ஆனியில் இடம் வந்தது.

புறப்படுகிற அன்றைக்கு நீலாவும் செல்லதுரையும் அம்சமும் ரோட்டுக்கு வந்தார்கள். செல்லதுரை தகரப்பெட்டியைத் தோளில் வைத்திருந்தான். விடுதிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு அவன் மறுநாள் திரும்புவதாகப் பேச்சு. குறுவைக்குத் தண்ணீர் வந்து, வாய்க்கால் நிரம்பி ஓடியது. வைரக்கண்ணுவின் நாலு வேலியில் படபடவென்று சத்தம் கேட்டது. சிவப்பு நிறத்தில் ஒரு நடவு மிஷின் சேற்றில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு ஆள் மேலே உட்கார்ந்து ஓட்டினான், இன்னொருவன் பாய்ச் சுருளாக இருந்த குட்டை நாற்றை எடுத்து எடுத்துக் கொடுத்தான். இரண்டே பேர். பின்னால் வரிசை வரிசையாக நாற்று நின்றது, கயிறு பிடித்த மாதிரி.

நீலா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே இந்த வயல்ல நம்ம தெருவுக்கு நடவே கெடயாதாம்மா?"

"கெடயாது."

"எல்லாம் என்னாலதானே."

"ஒன்னால இல்ல. என்னால."

"வருத்தமா இல்லியா ஒனக்கு?"

"இருக்கு. ஞானாம்பா மொகத்தப் பாக்குறப்பல்லாம் இருக்கு. ஆனா அவன் அந்த ஆபீஸ்ல வாயத் தொறக்க முடியாம நின்னான் பாரு, அத நெனச்சுக்கிட்டாத்தான் எனக்குச் சோறு எறங்குது. நான் என்னா செய்ய?"

பஸ் வரும் சத்தம் கேட்டது. அதற்கு முன்னால் தங்கம்மாள் வரப்பிலிருந்து மேலேறி ஓட்டமும் நடையுமாக வந்து, இலையில் கட்டிய சென்னாக்குனிக் கருவாட்டுப் பொடியை நீலா கையில் திணித்தாள். மூச்சு வாங்கியது. மிஷின் பக்கம் கையை நீட்டினாள்.

"இந்தா புள்ள, அஞ்சு வருஷம் படிச்சுட்டுச் சும்மா வந்து நிக்காத. அதுமாதிரி ஒண்ண நம்ம கொத்துக்கு எப்புடி வாங்கலாம், எப்புடி ஓட்டலாம், வாடகைக்கு எப்புடி விடலாம்னு பாத்துட்டு வா. அவன் மிஷினு ஒரு நாளைக்கி ரிப்பேராகி நடு வயல்ல நிக்கும்ல? அன்னிக்கி நம்மகிட்டதான் வரணும். ரெட்ட வாடகை கேப்பேன். நிக்க வெச்சுக் கேப்பேன்."

நீலா சிரிக்கவில்லை. "வாங்கலாம் பெரியம்மா" என்றாள். வயலைத் திரும்ப ஒரு தரம் பார்த்து, "ஆனா மொத நடவு ஞானாம்பா அக்கா ஓட்டணும்" என்றாள்.

பஸ் புறப்பட்டது. புழுதி அடங்குகிறவரை அம்சம் நின்றாள். பிறகு தங்கம்மாளும் அவளும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நடவு ஏதாவது அகப்படுமா என்று பார்க்க, அடுத்த ஊரைப் பார்த்து வாய்க்கால் கரையோடு நடந்தார்கள்.